தோளை விட்டு இறங்கியவள்

வலி சிகிச்சைக்கான அந்த அறையில் பயப்பட ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவர், சாய்வு நாற்காலி, பினாயில் வாடை, ஜன்னல் நிறைய மத்தியான வெயில். தையல்காரிக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று வருடமாக வலது தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது வலி. அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு சட்டை தைத்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. போதாக்குறைக்கு, எல்லாம் மனசுதான் காரணம் என்று ஆளாளுக்கு உபதேசம் வேறு.

இங்கே சொன்னது சுய மனோவசியம். கண்ணில் மாட்டும் வி.ஆர். கருவியில் ஒரு தோட்டம் தெரியும், காதில் நம் குரலே கேட்கும். வலியிடம் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே போனில் பதிவு செய்து எடுத்து வர வேண்டும்.

"நிதானமா, அன்பா பேசுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார் பயிற்சியாளர்.

அன்பாம். ஊசியில் நூல் கோக்கக் கை எழும்பாத கடுப்பில், போனைப் பிடித்துக் கத்தித் தீர்த்திருந்தாள்: "சனியனே, என்னை விடு. வேற யார் தோள்லயாவது போய் உட்காரு."

பயிற்சியாளர் அதைக் கேட்டுப் பார்க்காமலே ஏற்றி, கருவியை மாட்டிவிட்டு வெளியே போனார். துணைக்கு வந்த தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தினமும் அக்காவின் தோளை அமுக்கிவிடுகிறவள் அவள்தான்.

தோட்டம் வந்தது. ஒரு பெஞ்சு. அதில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி.

அவள் போட்டிருந்தது தையல்காரியின் நைட்டி.

பதிவான குரல் கத்தி முடித்தது. பெஞ்சிலிருந்தவள் மெதுவாக எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து மறைந்தாள்.

வலி போய்விட்டது.

தையல்காரி கருவியைக் கழற்றிவிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். அழுகை முட்டியது. "போயிடுச்சுடி."

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு வலது தோளைப் பிடித்திருந்தாள். "என்னமோ பாரமா ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குக்கா."

தையல்காரி கருவியை மறுபடி இழுத்து மாட்டினாள்.

பெஞ்சு காலி.

"தெரியாம சொல்லிட்டேன். அவ பாவம். என்கிட்டயே வந்துடு" என்று கெஞ்சினாள்.

காதில் அவள் குரலே பேசியது. அவள் பதிவு செய்யாத வார்த்தைகள், நிதானமாக, அன்பாக.

"மூணு வருஷமா நீ திட்டினே. அவதான் தடவிக் கொடுத்தா. நான் வரலை."

கருவியைப் பிடுங்கிப் போட்டாள். எதிரே தங்கை தலையைச் சாய்த்து, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தன் வலது தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே அவளைத் திட்டாதேக்கா" என்றாள் கிசுகிசுப்பாக. "அழறா."

தங்கையின் கண்கள் காய்ந்திருந்தன. தோளில் மட்டும் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.