யார் ஊட்டிய பால்

குழந்தை பால் குடிக்க மறுத்து நாலைந்து நாளாகிறது. ஆனால் இளைக்கவில்லை. அதுதான் அமத்சினுக்கு உறுத்தியது. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பசி என்று ஓர் அழுகை கிடையாது. கன்னம் மட்டும் உப்பிக்கொண்டே வருகிறது. பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தவள் அவள்தான். அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். பால் வாசனை அடித்தது. அவளுடைய பால் அல்ல, ஈர மண் வாடை கலந்த வேறு ஏதோ பால். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். இவனையும் விட்டுவிட அவள் தயாராக இல்லை.

அக்காட் ராஜாவின் படை சுமேரிய நகரமான லகாஷின் மதிலை இடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் படையில் ஈட்டிக்காரனான அவள் புருஷன் இலும்பானிக்கு அப்போது கிடைத்த வீடு இது. சுற்றிலும் சுமேரியர்கள். நேரில் சிரிப்பார்கள், முதுகைத் திருப்பினால் அவர்கள் பாஷையில் முணுமுணுப்பார்கள். இவர்களில் எவளோ திருட்டுத்தனமாகப் பால் கொடுத்துத் தன் பிள்ளையை வசியம் செய்கிறாள் என்று அமத்சின் முடிவே கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு நின்கல்லாதான் அடிக்கடி சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பவள்.

வெயில் கொளுத்தும் மத்தியானங்களில் தாயும் பிள்ளையும் நடு அறையில் படுப்பார்கள். அந்த ஊரில் செத்தவர்களை வீட்டுக்கு அடியிலேயே கல்லறை கட்டிப் புதைப்பார்கள். அந்த அறையின் தரையில், கீழே புதைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் சுட்டமண் குழாய் இருந்தது. ஒரு கை நுழையும் அகலம். "இந்த வீட்டுக் கிழடுங்க ரெண்டும் கீழ கெடக்குதுங்க. தாகத்துல மேல வந்துடப் போவுதுங்க, தினம் ஊத்திடு" என்று இலும்பானி சொல்லியிருந்தான். சொன்னவன் அந்த அறைக்குள் காலே வைப்பதில்லை. அவளும் தவறாமல் ஊற்றி வந்தாள்.

அன்று கதவைத் தாழிட்டு, அப்படியும் எவள் நுழைகிறாள் என்று பார்க்கக் கண்ணை மூடி, தூங்குவது போலக் கிடந்தாள். புழுக்கத்தில் நிஜமாகவே அசந்துவிட்டாள். விழித்தபோது தாழ் போட்டபடியே இருந்தது. பக்கத்தில் குழந்தை தூங்கினான். முட்டியெல்லாம் சேறு. கடைவாயில் பால்.

மந்திரம் வைத்தே நுழைந்திருக்கிறாள் என்று கொதித்து, அவனை அப்படியே விட்டுவிட்டு, வெளிக்கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, நின்கல்லாவின் வாசலில் போய் நின்றாள்.

"எம் புள்ளைக்குப் பால் குடுக்கறது நீதானே?"

நின்கல்லா சிரித்துவிட்டாள். "எனக்கு ஏதும்மா பாலு? என் கடைசிப் பயலுக்குத் தாடியே வந்தாச்சு." அமத்சின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எங்க படுக்க வெக்கிற அவனை?"

"நடு ரூம்ல."

"குழாய் இருக்குதே, அங்கயா?"

"ஆமா. கிழவனும் கிழவியும்தானே கீழ?"

"உம் புருஷன் அப்படியா சொன்னான்? கிழடெல்லாம் யாரும் இல்லம்மா. நெசவுக்காரி ஒருத்தி. படை வந்தப்ப கைக்குழந்தையோட கல்லறைக்குள்ள எறங்கி ஒளிஞ்சுக்கிட்டா. குழந்தை அழுது காட்டிக் குடுத்துருச்சு. அதை மட்டும் வெளிய இழுத்துட்டு, வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டான் உம் புருஷன்."

"உயிரோடயா?"

"புள்ளைக்குப் பால் குடுக்கணும், விடுங்கன்னு கத்துனா. தெருவே கேட்டுச்சு. ஒருத்தரும் போகல. அந்தக் குழந்தையும் பொழைக்கல." நின்கல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ அவளுக்குத் தண்ணி ஊத்துனியா?"

அமத்சின் ஓடினாள். புருஷனை நினைக்கவே அருவருத்தது. கயிறு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே இருட்டு. ஈர மண் வாடை.

படுக்கை காலி.

சப்பும் சத்தம். நிதானமாக. திருப்தியாக.

குழாயருகே குழந்தை குப்புறக் கிடந்தான். குழாயிலிருந்து முழங்கைவரை ஒரு கை வெளியே வந்திருந்தது. சேறு அப்பிய, வற்றிய கை. அதன் விரலை அவன் சப்பிக்கொண்டிருந்தான். நகக்கண்ணிலிருந்து பால் வடிந்தது.

அலறிக்கொண்டு அவனைப் பிடுங்கினாள். நாலைந்து நாளில் முதல்முறையாக அவன் பசியில் வீறிட்டான். மார்பைத் திறந்து கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கை தரையைத் துழாவியது. நின்றது. பிறகு மெல்லத் தட்டியது. வா. வா.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, அவள் இடுப்பிலிருந்து அதை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான்.