பெல்ட் கீறிய கோடு

வீட்டு விற்பனை முகவர் அன்புராசாவின் முகத்தைத் தெரியாத தமிழர் 1996இல் ரொறொன்ரோவில் இருந்திருக்க முடியாது. கடைக்குக் கடை தொங்கிய கலண்டரில் பன்னிரண்டு மாதமும் அதே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பேசத்தான் வேரோனிக்கா வந்திருந்தாள்.

நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்தது அதாஉல்லாவின் துப்பறியும் அலுவலகம். அவருக்குப் பக்கத்தில் மனைவியின் தம்பி ரிம்ஸான் உட்கார்ந்திருந்தான். மில்லிக்கன் பகுதியில் கார்ப்பெட் விற்பவன். கார்ப்பெட் விற்காத நேரமெல்லாம், அதாவது பெரும்பாலும், மச்சானுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு இங்கேதான் கிடப்பான்.

"அண்ணை, என்ரை மனுசன் சீமோன் செத்து ரெண்டு மாசம்," என்றாள் வேரோனிக்கா. "அன்புராசாவோட நமீபியாவுக்குப் போனவர். ஜீப் ஒண்டை வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டி, அதுக்கு மேலயே கூடாரம் விரிச்சுப் படுத்து, பார்க் பார்க்காய் மிருகம் பாக்கிற பயணம். சரளை றோட்டில ஜீப் பிரண்டு மனுசன் அந்த இடத்திலேயே முடிஞ்சுது. அன்புராசா தப்பிட்டார்."

"ஓட்டினது யார்?"

"சீமோன்தானாம். நித்திரை தூங்கிட்டாராம். செத்தவர் வந்து மறுக்கவே போறார்?" அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "முதல் நாள் இரவு மகள் ஷாமிலா முகாமுக்குப் போன் எடுத்துத் தகப்பனோட கனநேரம் கதைச்சவள். 'நீ நித்திரையைக் கெடுத்தபடியாத்தான் அவன் கண் அசந்தவன்' எண்டு பிள்ளையின்ரை முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார். பதினைஞ்சு வயசுப் பிள்ளை. அப்பாவைத் தானே சாகடிச்சிட்டன் எண்டு ஒழுங்காச் சாப்பிடுறாளில்லை."

அதாஉல்லா பேனையைக் கீழே வைத்தார். "அன்புராசாவுக்குக் காயம் ஒண்டுமில்லையா?"

"பெல்ட் போட்டிருந்தவராம். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில, நான் தேத்தண்ணி குடுக்கேக்கை, சேட்டைக் கழட்டிக் காட்டினார். வலது தோளில இருந்து இடது இடுப்புக்குத் தோல் உரிஞ்ச தழும்பு, கறுப்பா ஒரு கோடு."

விதவை வீட்டில் சேட்டைக் கழற்றுகிற மனிதனிடம் மிச்சக் குணம் எப்படி இருக்கும் என்று சொல்லத் துப்பறிகிறவர் தேவையில்லை. ஆனால் அதாஉல்லாவுக்கு அருவருப்பு போதாது, ஆதாரம் வேண்டும்.

"சனிக்கிழமை கோயில் மண்டபத்தில படம் காட்டுறார்," என்றாள் வேரோனிக்கா. "'ஆபிரிக்காவில் எனது மறுபிறப்பு' எண்டு."

"நீங்களும் மகளும் வாங்க. நாங்களும் வாறம்," என்றார் அதாஉல்லா.

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போகும் வழியில், காரில் ரிம்ஸான் வழக்கை முடித்தே விட்டான்.

"மச்சான், பாருங்க. நான் உங்கட பக்கத்து சீற்ல இருக்கன். பெல்ட் எந்தத் தோளால வருது? வலது. ஓட்டுற உங்களுக்கு இடது. அந்தாள்ட கோடு வலது தோள்ல. அப்ப அவர் பக்கத்து சீற்லதான் இருந்திருக்கார். பாவம் அந்தப் பொம்பிள."

"சரியாத்தான் பாத்திருக்காய்," என்றார் அதாஉல்லா. "மறந்திடாத."

மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் ஒரு மேசையில் அன்புராசா உபயத்தில் றோல்ஸ் பலகாரம் அடுக்கியிருந்தார்கள். திரையில் யானையோடு அன்புராசா, ஒட்டகச்சிவிங்கியோடு அன்புராசா, தூரத்துச் சிங்கத்தைச் சுட்டிக்காட்டும் அன்புராசா. வரிக்குதிரைகள் மட்டும் புத்தியாக முதுகைக் காட்டி நின்றன. கிட்டத்தட்ட எல்லாப் படத்தையும் எடுத்தவர் சீமோன். ஆகவே சீமோன் இருந்தது ஒரே ஒரு படத்தில்தான். ஜீப்பின் முன்மூடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிக்குள் ஸ்டியரிங் தெளிவாகத் தெரிந்தது. அன்புராசா அதை ஒரு நொடியில் தள்ளிவிட்டார்.

கடைசிப் படத்தில் மிருகங்கள் தண்ணீர் குடிக்கும் துரவு, அரைவாசி அமிழ்ந்த சூரியன், முன்னால் இடுப்பில் கை வைத்த அன்புராசா.

"பொழுதுபட முகாம் வாசலைப் பூட்டிப்போடுவாங்கள்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சீமோன்தான் ஓட்டினவன். கண் அசந்திட்டான். இந்தக் கோடு இல்லையெண்டால் நான் இண்டைக்கு உங்களுக்கு முன்னால நிக்கமாட்டன்." சேட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். மண்டபம் 'உச்' கொட்டியது.

அதாஉல்லா எழுந்தார். "அந்தக் கோடு எப்ப விழுந்தது?"

"ஜீப் பிரளேக்கைதான். வேறெப்ப?"

"அதுக்கு முதல் இந்தக் கோடு இல்லைத்தானே? அதுக்குப் பிறகும் நீங்க ஜீப்பில ஏறயில்லைத்தானே?"

"ஏற ஜீப் எங்கை மிஞ்சினது?" என்றார் அன்புராசா. சிலர் சிரித்தார்கள்.

"அப்ப சீமோன்ட படத்தை இன்னொருக்காப் போடுங்க."

அன்புராசா அசையவில்லை. ரிம்ஸான்தான் ஓடிப்போய்ப் படத்தைப் பின்னுக்குத் தள்ளினான்.

"கண்ணாடிக்குள்ள ஸ்டியரிங் எந்தப் பக்கம்?" என்றார் அதாஉல்லா. "ஜீப் எங்களைப் பாத்து நிக்குது. அதால எங்கட இடது, ஜீப்புக்கு வலது. அங்கயும் நாங்க பிறந்த ஊர் மாதிரித்தான், வாகனம் ஓட்டுறவர் வலப்பக்கம் இருப்பார். இங்க வலது தோளால பெல்ட் போடுறது பக்கத்தில இருக்கிறவர். அங்க அது ஓட்டுறவர். நித்திரை கொண்ட சீமோனுக்குப் பக்கத்தில இவர் இருந்திருந்தா, கோடு இடது தோள்ல விழுந்திருக்கும்."

மண்டபத்தில் ஒவ்வொருவருடைய கையும் தத்தம் தோளைத் தடவிப் பார்த்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் கண்டு வளர்ந்த சனம்தான் எல்லாரும். பத்து வருட ரொறொன்ரோ ஓட்டத்தில் அது அடியோடு மறந்துபோயிருந்தது. அன்புராசாவும் ஆபிரிக்காவில் நடந்ததற்கு ரொறொன்ரோ மூளையால் பொய் சொல்லிவிட்டார். போதாக்குறைக்குத் தனக்கு எதிரான சாட்சியைத் தன் உடம்பிலேயே வைத்து, வீடு வீடாகக் கழற்றிக் காட்டினார். இவ்வளவு பெரிய முட்டாளால் அந்தப் பயணத்தில் ஒரு உயிர் போனது என்பதுதான் தாங்க முடியாதது.

"வாசல் பூட்டப்போறாங்கள் எண்டு நீங்கதான் விரட்டி ஓடினீங்க," என்றார் அதாஉல்லா. "பொழுது பாதி போனபிறகும் படத்துக்கு நிண்டிருக்கிறீங்க."

"போவம், போவம் எண்டு அவன் சொன்னவன்தான்," என்றார் அன்புராசா. குரல் கலண்டர் முகத்துக்குப் பொருந்தவில்லை. "நான் இன்னும் ஒண்டு எடு எண்டன். கமராவைப் பின்னுக்கு வைக்கவெண்டு அவன் பெல்ட்டைக் கழட்டினவன். உண்மையைச் சொன்னா அங்கை மறியலில போட்டிருப்பாங்கள். எனக்கும் குடும்பம் இருக்குத்தானே."

கடைசி வரிசையிலிருந்து ஷாமிலா எழுந்து நடந்து வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"அங்கிள், யூ செட் அது என்ர போன் கோலால எண்டு."

"அது பிள்ளை," என்றார் அன்புராசா, பொத்தானைத் தேடிக்கொண்டே, "சும்மா வாயில வந்தது."

அவள் அந்த 'சும்மா'வைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு திரையில் சிரித்துக்கொண்டிருந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, எனக்குப் பசிக்குது," என்றாள். "வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

வேரோனிக்கா மகளின் கையைப் பிடித்தாள். அன்புராசாவின் றோல்ஸ் மேசையைத் திரும்பியும் பாராமல் இருவரும் வெளியே போனார்கள்.