ஒரு விசில் என்றால் நில்

காலை ஆறரைக்கு ஏழாம் எண் அறுவை அறையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தபோதே திரைக்காரருக்குக் களைத்துப்போயிருந்தது. அவருக்கு முறையான பதவிப் பெயர் ஒன்று உண்டு. அட்டையில் இரண்டு வரிக்கு நீளும் என்பதால் யாரும் அதைச் சொல்வதில்லை. தொண்டைக்குள் போகும் கேமராவையும் சுவரளவு திரையையும் பார்த்துக்கொள்பவர். அதனால் திரைக்காரர்.

அறையில் குளிரும், நேற்றுத் துடைத்த மருந்தின் நெடியும் அப்படியே தங்கியிருந்தன. சுவிட்சைத் தட்டினார். திரை ஒரு பெருமூச்சு போன்ற சத்தத்தோடு விழித்தது.

அந்தக் கருவி வந்து எட்டு மாதம். நோயாளியின் இரத்தத்தில் ஒரு சாயத்தை ஏற்றி, தனி விளக்கொன்றைத் தொண்டைக்குள் காட்டினால், புற்று இருக்கும் இடம் மட்டும் திரையில் பச்சையாக ஒளிரும். பச்சையை எடு, மற்றதை விடு. ஆளும் தப்பலாம், குரலும் தப்பலாம். இந்த நாலு வரியைத்தான் பெரிய டாக்டர் திறப்பு விழாவில் நாற்பது நிமிடம் பேசினார். கண்டுபிடித்தவன்கூட அவ்வளவு பூரித்திருக்க மாட்டான். இவர் வாங்குவதற்குக் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவுதான்.

விழா நாளில் மேசையில் படுத்தவர் ஒரு பஸ் கண்டக்டர். அரங்கத்தில் விருந்தினர்கள் முப்பரிமாணப் படத்துக்கான கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டி வெளியே வந்தது. கைதட்டலும் வந்தது. அப்போதுதான் இடப்பக்கக் குரல்நாணின் அடியில் கடுகளவு பச்சை தெரிந்தது.

"அது சும்மா வெளிச்சம் பட்டுத் தெரியுது. பச்சையக் கொஞ்சம் குறைங்க. பார்க்க நல்லால்ல," என்றார் பெரிய டாக்டர்.

திரைக்காரர் குமிழை இடப்பக்கம் இரண்டு சொடுக்கு திருப்பினார். பச்சை மறைந்தது. படம் பளிச்சென்று இருந்ததாக எல்லோரும் பாராட்டினார்கள்.

நான்காம் மாதம் கண்டக்டர் திரும்பி வந்தார், குரல் இல்லாமல். கழுத்தில் பழைய விசில் தொங்கியது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. வார்டு முழுக்க அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டது. பெரிய டாக்டர் பரிவாரத்தோடு கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் நீளமாக ஒரு விசில் கேட்கும். பெரிய டாக்டர் ஒருநாளும் நிற்கவில்லை.

வந்த ஆறாவது வாரம் கட்டில் காலியானது, விசில் ஓய்ந்தது.

வார்டில் ஓய்ந்தது. ஏழாம் அறையில் தொடங்கியது.

மூச்சுக் கருவியில் காற்றுக் கசிகிறது என்றார்கள். குழாயை மாற்றினார்கள். கசிவே இல்லை என்று சான்றிதழ் வந்து சுவரில் ஏறியது. அதன்பிறகும் சத்தம் வந்தது. சான்றிதழ் இருந்ததால் யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்றைக்கு மேசையில் படுக்கப்போவது திரைக்காரரின் அக்கா.

வேறு யாரையாவது திரைக்கு வைக்கும்படி கேட்டுப் பார்த்தார். "அட, நம்ம ஊழியர் குடும்பமே நம்மள நம்புதுன்னு சொன்னா எவ்வளவு நல்லாருக்கும்!" என்றார் பெரிய டாக்டர். மாநாடு ஒன்றுக்கு நேரலை வேறு போகிறதாம்.

தள்ளுவண்டியில் வந்த அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"டேய், என் தொண்டைய ஊருக்கே படம் காட்டப் போறீங்களாமே?"

"சும்மா படு அக்கா."

"காட்டுறதுதான் காட்டுற, நல்லாக் காட்டு. எதையும் மறைக்காத." அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "உனக்கென்ன, ஒரு மாசமா குரல் தகரத்தத் தேய்க்கிற மாதிரி இருக்கு?"

"ஏசி குளிருதான் அக்கா."

"ஒரு மாசமாவா?"

மயக்க டாக்டரம்மா மூக்கில் முகமூடியை வைத்தார். அக்காவின் பேச்சு பாதியில் அறுந்தது. அவள் பேச்சை வேறெப்படியும் யாரும் நிறுத்தியதில்லை.

கேமரா உள்ளே போனது. சுவர் முழுக்கச் சிவப்பு, ஈரம், நடுவே இரண்டு வெள்ளை நாண்கள். தனி விளக்கு எரிந்ததும் கட்டி பச்சையாகப் பற்றிக்கொண்டது. பெரிய டாக்டரின் கைக்கு வாயைப் போல அலட்டல் தெரியாது. ஒன்றரை மணி நேரத்தில் சுத்தமாக எடுத்துவிட்டார். ஒலிபெருக்கியில் மாநாட்டின் கைதட்டல் இரைந்தது.

திரைக்காரரின் கழுத்து வலித்தது. அக்காவின் வார்டு வாசலில் இரண்டு இரவு பெஞ்சில் தூங்கிய கழுத்து.

அப்போது தெரிந்தது.

இடப்பக்கம். நாணின் அடி. கடுகளவு.

அதே இடம்.

"பச்சையக் கொஞ்சம் குறைங்க," என்றார் பெரிய டாக்டர்.

திரைக்காரரின் கை குமிழுக்குப் போயிருந்தது. அவராக நினைத்து அது போகவில்லை, பழக்கத்தில் போனது.

நீளமாக ஒரு விசில்.

மயக்க டாக்டரம்மா குழாயைத் தொட்டுப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். "கசிவு இல்லையே," என்று முணுமுணுத்தார். பிறகு இன்னும் மெல்லத் திரைக்காரரிடம், "உங்களுக்கும் கேட்டுச்சா?"

விரல்களுக்கு அடியில் குமிழ் ஐஸாகக் குளிர்ந்தது.

அது அக்காவின் பச்சையா, கண்டக்டரின் பச்சையா? இல்லாத ஒன்றுக்காக வெட்டினால் அக்காவின் குரல் போகும். இருப்பதை விட்டால் அக்காவே போவாள்.

"குறைங்கன்னேனே. காது கேக்கலையா?"

"கேக்குது சார்."

அவர் குமிழை வலப்பக்கம் திருப்பினார். முடிகிற வரைக்கும்.

பச்சை சுவரில் விரல் நகமளவு எரிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "டாக்டர், இடது பக்கம் கீழே இன்னும் இருக்கே?"

பெரிய டாக்டர் திரையின் பக்கம் திரும்பினார்.

"அதைத்தான் இப்ப உங்களுக்குச் சுட்டிக்காட்ட வந்தேன்," என்றார் பெரிய டாக்டர்.

துணுக்கை எடுத்துக் கீழே ஆய்வறைக்கு அனுப்பினார்கள். அரை மணியில் பதில் வந்தது. புற்றுதான். இன்னும் கொஞ்சம் சுற்றி எடுத்தார்கள். அந்த ஓரம் சுத்தமாக இருந்தது. அக்காவின் குரல் கரகரக்கும், ஆனால் இருக்கும். மாநாடு எழுந்து நின்று கைதட்டியது, பெரிய டாக்டரின் கூரிய பார்வைக்காக.

பிற்பகலில் அறை காலியானது. அழுக்குத் துணிகள் போயின, வாளிகள் போயின. திரைக்காரர் கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த அறையில் அவருக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தார்.

திரை பெருமூச்சு விட்டது.

சிவப்பு. ஈரம். இரண்டு வெள்ளை நாண்கள்.

காலையில் பதிவானது ஓடுகிறது என்று நினைத்தார். பிறகு கையைப் பார்த்தார். பிளக் கையில் இருந்தது.

எச்சில் விழுங்கினார்.

திரையில் இருந்த தொண்டை விழுங்கியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நாண்கள் பாதி மூடியபடி அசையாமல் நின்றன. இடப்பக்கம், அடியில், கடுகளவு பச்சை.

கை குமிழுக்குப் போனது. இடப்பக்கம் ஒரு சொடுக்கு. இன்னொரு சொடுக்கு.

பச்சை குறையவில்லை.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், இரண்டு விசில்.