தேய்வதற்கு ஒரு வண்டி

குழித்துறைப் பாலத்தைத் தாண்டியும் வண்டிகள் வரிசையில் நின்றன. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சக்கரக் குளியல் முடிக்காத வண்டியைச் சனிக்கிழமை சாலை ஏற்காது. சுங்கக் கம்பம் தாழ்ந்து நிற்கும்.

பெட்ரோல் புகை ஒழிந்து இருபது வருடமாகியும் மார்த்தாண்டத்துக் காற்று கறுப்பாகத்தான் இருந்தது. மின்கலத்தைச் சுமந்து கனத்துப்போன தானோட்டி வண்டிகள், தங்கள் டயர்களைத் தார்ச்சாலையில் அரைத்துத் தூளாக்கிக்கொண்டே ஓடின. அந்தத் தேய்துகள் ஜன்னலில் படிந்தது, குளத்து மீனின் செவுளில் படிந்தது, பிள்ளைகளின் நெஞ்சிலும் படிந்தது. டயரில் ஒட்டிக்கொண்டிருப்பதையாவது கழுவிப் பிடித்துவிடலாம் என்றுதான் இந்தக் கட்டாயக் குளியல்.

சிசிலியின் குளியலகத்தில் ஆறு மேடைகள். மற்ற இடங்களில் இயந்திரக் கைகள் தேய்த்தன. சிசிலி பிரஷ்ஷைக் கையில் பிடித்துத் தேய்ப்பாள். டயரில் ஏறிய பழுப்பு கரைந்து, நுரை வெள்ளையாக வழியும்வரை விடமாட்டாள். காய்ந்ததும் ஒரே கேள்வி: "எண்ணெய்ப் பூச்சா, தண்ணிப் பூச்சா?"

எண்ணெய்ப் பூச்சு கண்ணாடிபோல மின்னும். வண்டி கிளம்பியதும் கதவெல்லாம் தெறிக்கும். தண்ணிப் பூச்சு பளபளக்காது. புது டயரின் அடக்கமான கறுப்பைத் தரும், இரண்டு மழையில் போய்விடும். எதுவானாலும் டயரின் பக்கவாட்டில் மட்டும்தான். சாலையைத் தொடும் பகுதியில் ஒரு சொட்டு பட்டால் பிரேக் பிடிக்காது.

அந்த வெள்ளிக்கிழமை பெனிட்டா ஓடி வந்தாள். சிசிலியின் நாத்தனார், ரப்பர் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்ப்பவள். கையில் ஒரு தகர டப்பா.

"மைனி, எல்லாத்தையும் நிறுத்துங்கோ! இதைப் பாருங்கோ!"

டப்பாவில் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக இருந்தது. புளித்த தோசைமாவு வாசம் அடித்தது.

"என்னட்டி இது?"

"பூச்சு. ஆனா இதுக்கு உயிர் இருக்கு. டயர் உருண்டு சூடானா முழிச்சுக்கிடும். ரோட்டில கெடக்க ரப்பர்தூளை எல்லாம் பொறுக்கி எடுத்து, டயரோட சேத்து நெய்யும். தேஞ்ச டயர் வளரும் மைனி, வளரும்!"

"எங்க பூசணும்?"

பெனிட்டா கொஞ்சம் தயங்கினாள். "ரோட்டத் தொடுற எடத்தில."

"உனக்குக் கிறுக்கா? ஆளு சாவும்."

"வழுக்காது. பிடிக்கும். நூறு தடவை பாத்தாச்சு."

"ஆய்வகத்திலயா, ரோட்டிலயா?"

பெனிட்டா டப்பாவை இன்னும் முன்னால் நீட்டினாள். உள்ளே ஏதோ ஒரு மேடையில் நின்ற வண்டிக்குள் யாருடைய குழந்தையோ விடாமல் இருமிக்கொண்டிருந்தது. சிசிலி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"இன்னொருத்தர் வண்டியில வைக்கக்கூடாது. என் வேன்ல வை. நான்தான் ஓட்டுவேன்."

அது பழைய வேன். ஆள் பிடித்து ஓட்ட வேண்டியது. நான்கு டயர்களையும் வெள்ளை நுரை வரத் தேய்த்துக் காயவைத்து, சாம்பல் பூச்சைத் தடவினார்கள். டயர்ப் பள்ளத்தின் ஆழம் அளக்கும் தடமானியை வைத்துப் பார்த்தார்கள். மூன்று மில்லிமீட்டர் தடம் மிச்சம்.

பேச்சிப்பாறைப் பாதையில் ஏறும்போது மழை கொட்டியது. "நீ எறங்கு" என்றாள் சிசிலி. "நானாக்கும் உண்டாக்கினேன், நான் எறங்க மாட்டேன்" என்றாள் பெனிட்டா. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. ஸ்டியரிங் வழியாக ஏதோ புதிதாகக் கைக்குத் தெரிந்தது. சாலையைச் சக்கரம் விரல்களால் பற்றிக்கொண்டு போவதுபோல. நான்காவது வளைவில் மரக்கட்டைகள் ஏற்றிய லாரி குறுக்கே நின்றது.

சிசிலி பிரேக்கை மிதித்தாள். கண்ணை மூடவில்லை. வேன் ஒரு குலுக்குக் குலுக்கி, லாரியில் நீட்டிக்கொண்டிருந்த மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஒரு அங்குலம்கூடச் சறுக்கவில்லை.

இருவரும் மழையில் குதித்து இறங்கினார்கள். பெனிட்டா தடமானியைச் சக்கரத்தில் அழுத்தினாள்.

"மூணு புள்ளி ஒண்ணு!"

"சரியாப் பாருட்டி!"

"மூணு புள்ளி ஒண்ணு மைனி! வளந்திருக்கு!"

சிசிலி சிரித்த சிரிப்பில் லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருக்கும் அடி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். பெனிட்டா தடமானியை அவருக்குத் தூக்கிக் காட்டினாள்.

உயிர்ப்பூச்சு என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதம் மார்த்தாண்டம், அதற்கடுத்த மாதம் நாகர்கோவில், வருடம் முடிவதற்குள் மாவட்டம் முழுக்க. எண்ணெயா தண்ணியா என்று இப்போது யாரும் யோசிக்கவில்லை. ஓட ஓட டயர்கள் கொழுத்தன, சாலைகள் வெளுத்தன. ஒரு காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்: கிழக்கே மலை தெரிந்தது, மடிப்பு மடிப்பாக, பச்சையாக. ஆம்புலன்ஸ் ஓட்டும் சுகுமாரன் குளியலகத்துக்கு வந்து, "எக்கா, இந்த மாசம் மூச்சுமுட்டுன்னு ஒரு பிள்ளையைக்கூட நான் ஏத்தல்ல" என்றபோது சிசிலி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அதே சுகுமாரன்தான் மறுவருடம் பதறிக்கொண்டு வந்தார். "எக்கா, டயரு மெலியுது."

தடமானி ஆறு காட்டியது. முந்தின வாரம் ஏழு. பெனிட்டா வெள்ளைத் துணியால் சாலையைத் துடைத்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"ரோட்டில தூளே இல்ல மைனி. எல்லாரும் சேந்து நக்கித் தொடச்சிட்டோம். பசியில அது இப்ப சொந்த டயரையே தின்னுது."

"இப்ப என்ன செய்ய?"

"நூத்தில பத்து வண்டி பூச்சைக் கழுவிட்டு, பழையபடி தேஞ்சு ஓடினா போதும். அந்தத் தூளு மத்ததுக்குத் தீனி. காத்தில ஏற முந்தி இதுக தின்னிரும்."

சமூகக் கூடத்தில் ஊரைக் கூட்டினார்கள். பெனிட்டா விளக்கி முடித்ததும் பலத்த கைதட்டல். நூற்றில் பத்து, எவ்வளவு எளிய கணக்கு என்று எல்லோரும் மெச்சினார்கள். மறுநாள் சிசிலி ஆறு மேடைகளையும் தயாராக வைத்து, பூச்சைக் கழுவும் காரசோப்பைக் கரைத்துக் காத்திருந்தாள்.

ஒரு வண்டிகூட வரவில்லை. போனில் கூப்பிட்டால் ஒவ்வொருவரிடமும் நியாயம் இருந்தது. எதிர்வீட்டில் இரண்டு வண்டி உண்டு, அவர்களைக் கேளுங்கள் என்றார் ஒருவர். என் டயர் போன மாதம்தான் எட்டைத் தொட்டது என்றார் இன்னொருவர். நான்காம் நாள் ஒரு ஆசிரியை மட்டும் வந்தாள். வரிசையில் வேறு யாரும் இல்லாததைப் பார்த்தாள். பிறகு வருகிறேன் என்று திரும்பிப் போனாள்.

ஐந்தாம் நாள் மாலை சிசிலி தன் வேனை மேடையில் ஏற்றினாள். சோப்பை ஊற்றி, சாம்பல் பூச்சு முழுதும் கரையத் தேய்த்தாள். ஆறு மேடைகளில் ஒன்றில் மட்டும் நுரை ஓடியது.

"மைனி, ஒரு வேன் போதாது" என்றாள் பெனிட்டா.

"நான் போறதைப் பாத்தா நாலு பேரு வருவாங்க. ஏறு."

பாலத்தைத் தாண்டக்கூட இல்லை, அதற்குள் பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டது. சிசிலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, வருகாங்க!" வளைவு வருவதற்குள் பத்து, கடைத்தெரு வருவதற்குள் நாற்பது. பெனிட்டா தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மைனி, அதுக எல்லாம் பூச்சோட வருகு. தூளு எங்க விழும்னு தானோட்டிகள் கணக்குப் போட்டிருக்கு. நம்ம தடத்திலேயே வருகு."

சிசிலி இடப்பக்கம் ஒதுங்கினாள். நாற்பது வண்டிகளும் இடப்பக்கம் ஒதுங்கின. கொழுத்த டயர்களும் பளபளக்கும் உடம்புகளுமாக, பசுவின் பின்னால் கன்றுகள் முட்டிக்கொண்டு வருவதுபோல. கூட்டத்தின் முன்னால் வந்த கார் பக்கத்தில் ஏறி வந்தது. ஜன்னல் இறங்கியது. கூடத்தில் முதல் வரிசையில் இருந்து கைதட்டியவர், முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல காரியம் செய்யுதிய எக்கா! அந்த எறக்கத்தில மட்டும் கொஞ்சம் அமுக்கிப் பிரேக் போடுங்கோ. பின்னால நாங்க இத்தனை பேரு இருக்கோம்லா!"

அப்போது பின்னாலிருந்து சைரன் கேட்டது. சுகுமாரனின் ஆம்புலன்ஸ். சிசிலி கையை வெளியே நீட்டி மற்றவர்களை விலகச் சொன்னாள். ஆம்புலன்ஸ் நேர் பின்னால் வரட்டும், அதன் மெலிந்த டயருக்காவது தூள் கிடைக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். யாரும் விலகவில்லை. அவரவர் இடத்தை விடாமல் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள்.

அவள் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்து உடனே விட்டாள். வேன் கிறீச்சிட்டு, வெளுத்த சாலையில் இரண்டு முழ நீளத்துக்குக் கறுப்புக் கோடு இழுத்தது. சிசிலி கண்ணாடியில் அதைப் பார்க்க நிமிர்ந்தாள். அதற்குள் நாற்பது வண்டிகளும் அதன் மேல் ஏறிப் போயிருந்தன. கடைசியாக ஆம்புலன்ஸ் அங்கே வந்து சேர்ந்தபோது சாலை துடைத்து வைத்ததுபோல் இருந்தது.