எல்லையில் நிற்காத எஞ்சின்

நியான்டிகாவை அடக்கம் செய்த அன்று, மதியத்துக்கு முன்பே ஸ்பேனர் பையோடு அவன் வீட்டுக்குப் போய்விட்டேன். ஏரிப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. முற்றம் முழுக்க வறுத்த மீன் வாசனையும், வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்களின் பேச்சும். என்னை எல்லாரும் ஃபுண்டி என்பார்கள். எங்கள் ஊரில் மெக்கானிக்குக்கு அதுதான் பெயர்.

செத்தவனின் பழைய நூறு சிசி வண்டி சுவரோரம் சாய்ந்து நின்றது. மணல் லாரி அடித்தது அவனைத்தான். வண்டிக்கு ஹேண்டில் வளைந்ததோடு சரி. அதை ஓட வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்ததும் சாவை எல்லைவரை விரட்டுவது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் மாடுகளை ஓட்டிக் கூச்சல் போட்டு விரட்டினார்கள். இப்போது மோட்டார் சைக்கிள்களை உறும விட்டு விரட்டுகிறோம். செத்தவன் வண்டி முன்னால் போகும். எல்லையில் அத்தனை எஞ்சினையும் அணைத்து, அந்த அமைதியில் சாவை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். விடாமல் வந்தால் அது வீட்டில் இன்னோர் ஆளைத் தேடும்.

அந்த ஆள் யாராக இருக்கும் என்று நியான்டிகாவின் மனைவி அகேயோவுக்குத் தெரியும். மகள் அவிதி அவள் தோளில் காய்ச்சலோடு துவண்டு கிடந்தாள்.

“எப்படியாச்சும் கிளப்பிடு ஃபுண்டி,” என்று அகேயோ என் காதோரம் சொன்னாள். “மூணு பிள்ளையப் பறிகொடுத்துட்டு இவளப் பெத்தேன். சாவு எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதான் ‘வேண்டாதவ’ன்னு அர்த்தம் வர அவிதின்னு பேரே வச்சேன்.”

பிளக்கைத் தேய்த்தேன். பாயிண்ட் இடைவெளி பார்த்து, டேப்பெட் வைத்து, கார்பரேட்டர் ஜெட்டை ஊதிப் போட்டேன். கிக்கரை மிதித்தால் கால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. சிலிண்டருக்குள் காற்று அழுந்தவே இல்லை, கம்ப்ரெஷன் போயிருந்தது. போன அறுவடைக்குத்தான் நானே சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் மாட்டியிருந்தேன். குனிந்து பார்த்தேன். சிலிண்டரின் பக்கத்தில் சூடு ஆற்றும் தகடு ஒன்று உடைந்திருந்தது. அந்த உடைந்த தகட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அது செத்தவனின் தம்பி ஒம்போகோ வண்டியின் சிலிண்டர்.

“டேய் ஒம்போகோ, நான் போட்ட சிலிண்டர் எங்கடா?”

மீன் முள்ளைத் துப்பிவிட்டு அவன் சிரித்தான். “செத்தவனுக்கு எதுக்குப்பா புது பிஸ்டன்? என் வண்டியில இருக்கு. என் வண்டியே முன்னாடி போகட்டும். உள்ள ஓடுறது அவனுதுதானே!”

சில பையன்களும் சிரித்தார்கள். அண்ணன் பிணவறையில் கிடக்கும்போது இவன் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கிறான். மாற்றிப் போட நேரமில்லை. அடக்கம் முடிந்துவிட்டது, மழைக்கு முன் கிளம்புங்கள் என்று பெரியவர்கள் கத்தினார்கள்.

ஒம்போகோ ஒரே மிதியில் கிளப்பினான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அது நியான்டிகா வண்டியின் சத்தம். வீடு வரும்போது அவன் இரண்டு தரம் முறுக்குவான், அகேயோ உகாலிக் களிக்கு உலை வைக்க. ஒம்போகோவின் கை ஆக்ஸிலேட்டரில் இல்லை. எஞ்சின் இரண்டு தரம் உறுமி இறங்கியது.

அவிதி தலையைத் தூக்கினாள். “அப்பா,” என்றாள்.

அகேயோவையும் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். எல்லையில் கோரைப்புல் சதுப்பு. ஒவ்வொரு எஞ்சினாக அணைந்தது. ஒன்று மட்டும் அணையவில்லை.

ஒம்போகோ சாவியைத் திருப்பி, உருவியே எடுத்துவிட்டான். ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன ஃபுண்டி இது?”

“உள்ள கரி படிஞ்சிருக்கும். அந்தச் சூட்டுல தானா எரியுது,” என்றேன். அப்படி நடப்பதுண்டு.

பிளக் வயரைப் பிடுங்கினேன்.

பெட்ரோல் குழாயை உருவினேன்.

ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாகக் கார்பரேட்டர் வாயை உள்ளங்கையால் அடைத்தேன். காற்றில்லாமல் எந்த எஞ்சினும் திணறி நின்றுவிடும். கையை உள்ளே இழுக்கும்.

இழுக்கவில்லை.

காற்று வெளியே வந்தது. வெதுவெதுப்பாக, விட்டு விட்டு. பிணவறை மருந்தின் நெடி அடித்தது.

ஒம்போகோ குதித்து ஓடினான். கிளட்ச்சை யாரும் தொடவில்லை. கியர் விழுந்தது. ஆளில்லாத வண்டி திரும்பி, வந்த வழியே நேராகப் போனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது அகேயோ வாசலில் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளை மடியில்.

“சத்தம் கேட்டதும் கையத் தூக்கினா, தூக்கிக்கோன்னு,” என்றாள். “அவ்வளவுதான், மூச்சு அடங்கிடுச்சு.”

நியான்டிகா கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்தான். அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. ஒம்போகோ நன்றாகத்தான் இருக்கிறான், வேறு வண்டி வாங்கிவிட்டான். அந்த எஞ்சினை மட்டும் என் பட்டறையில் தள்ளிவிட்டு, உடைத்துப் போடு என்றான். சந்தோஷமாகப் பிரித்தேன். பிஸ்டனை மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டு மூலையில் தள்ளினேன்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு காலையில் அகேயோ வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

“அத மறுபடி மாட்டிக் குடு ஃபுண்டி.”

“எதுக்கு?”

“மகளத் தூக்கிக்கிட்டாரு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. இன்னொரு தரம் வந்தா நானும் ஏறிக்குவேன்.”

“பைத்தியமா உனக்கு? அது வெறும் இரும்பு. வீட்டுக்குப் போ.”

“வருவாரு.”

“வரமாட்டான். துண்டு துண்டாக் கிடக்கு, பச்சத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு கிடக்கு. நீயே தொட்டுப் பாரு,” என்று கத்திக்கொண்டே சட்டிக்குள் கைவிட்டுப் பிஸ்டனை எடுத்தேன்.

கை பொசுங்கியது.

அலறிக்கொண்டு கீழே போட்டேன். நெடுந்தூரம் ஓடி இப்போதுதான் நின்ற எஞ்சினின் சூடு. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. மறைப்பதற்குள் அகேயோ அதைப் பார்த்துவிட்டாள். கணவன் செத்த பிறகு அவள் முகம் மலர்ந்து அன்றுதான் பார்த்தேன்.