அம்மா வாசம்

உச்சி முகர மைதிலி குனிந்தபோது ஆதிரை தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஏழு வயதில் அதுதான் முதல் தடவை.

"என்னடா கண்ணா?"

"உன்மேல நாத்தம் வருதும்மா."

மைதிலி மணிக்கட்டை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

கொரோனா வந்துபோய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆதிரைக்கு இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, காசா பணமா? இப்போது அவளுக்குச் சோறு சாக்கடையாக நாறியது, பால் குமட்டியது, அம்மா அழுகிப்போயிருந்தாள். மூக்கு நரம்பு குழம்பியிருக்கிறது, சரியாவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், பொறுத்திருங்கள் என்றார் ஹாம்பர்க் குழந்தை மருத்துவர். பிள்ளை அதற்குள் மூன்று கிலோ இளைத்துவிட்டாள்.

பிள்ளைக்கு நோயை யார் கொடுத்தது என்பதில் மைதிலிக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்ச் சங்கத் தீபாவளி விருந்துக்குத் தொண்டைக் கரகரப்போடு போனவள் அவள்தான். வீட்டில் டெஸ்ட் கிட் இருந்தது. செய்து பார்த்தால் போக முடியாதே என்று செய்யவில்லை. அங்கே தன் தட்டிலிருந்தே சாம்பார் சாதத்தை உருட்டி, சுடுமே என்று ஊதி ஊதி, மகளுக்கு ஊட்டினாள். ஒவ்வொரு உருண்டையையும் ஊதினாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் வீட்டிலேயே ஒரு நாற்றம் கிளம்பியது. இனிப்பாக, வெதுவெதுப்பாக, ஹீட்டர் சூட்டில் சுவரெல்லாம் ஊறியது போல. அடுக்களை, குளியலறை, கட்டிலடி எல்லாம் தேடினாள். காய்கறிக் கழிவுத் தொட்டி காலியாக இருந்தது. அவள் அதைக் கொட்டவில்லை. கொடியில் காயப்போட்ட பழைய நீல நைட்டியையும் காணவில்லை.

"ஜன்னலையே திறக்காம இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்றான் கணவன் ஜெயகாந்த், ம்யூனிக் ஆபீஸிலிருந்து போனில். "பாப்பா சாப்பிடுறாளா?"

டிபன் பாக்ஸ் தினமும் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் ஆதிரையின் கன்னம் உப்பியிருந்தது. உதடு எண்ணெய் பூசியது போல மினுங்கியது.

"தெரியலை" என்றாள் மைதிலி.

டிசம்பர். மணி நாலுதான், வெளியே இருட்டிவிட்டது. ஆன்லைன் மீட்டிங்கின் நடுவே பக்கத்து அறையிலிருந்து குரல் கேட்டது.

"ஆ..."

ஊட்டும்போது ஆதிரை வாய் திறக்கும் சத்தம். பிறகு மெல்லும் சத்தம். ஈரமாக. நிதானமாக.

மைதிலி ஹெட்போனைக் கழற்றினாள். நடந்தாள். நாற்றம் எதிரே வந்தது. கதவு. கைப்பிடி பிசுபிசுத்தது.

துணி அலமாரி திறந்திருந்தது. அதன் எதிரே தரையில் சம்மணமிட்டு ஆதிரை. அலமாரிக்குள் சாய்ந்தபடி நீல நைட்டி, உள்ளே ஏதேதோ திணித்து, ஆள் உட்கார்ந்திருப்பது போல. அடியில் பழுப்பாக நீர் கசிந்தது. வாரக்கணக்கான காய்கறித் தோல், சோறு, முட்டை ஓடு.

"ஆதிரை, என்னடா இது?"

குழந்தை திரும்பவில்லை. பல நாளுக்குப் பிறகு அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

"சத்தம் போடாதீங்க ஆன்ட்டி. அம்மா ஊட்டறா."

 மைதிலிக்கு அழத்தான் தோன்றியது. 

ஆதிரை வாயைத் திறந்தாள்.

"ஆ..."

நைட்டியின் நீலக் கை மேலே எழுந்தது. நுனியில் ஒரு சோற்று உருண்டை. நைட்டியின் கழுத்துக்குள்ளிருந்து யாரோ அதை மெல்ல ஊதினார்கள்.

ஆதிரையின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.