பியானோ பெஞ்சில் ஒரு இடம்

பெஞ்சில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கோவர்த்தனனோ வலது ஓரத்தில், பாதித் தொடை வெளியே தொங்க ஒட்டிக்கொண்டிருந்தான். அடுப்படி வாசலில் நின்ற அவன் மனைவி தாட்சாயணி, அவன் இடப்பக்கம் விட்டிருந்த இடத்தையே பார்த்தாள்.

புத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து இரண்டு மாதம். பியானோ, முன்பு குடியிருந்த டீச்சரம்மாவுடையது. “அந்தம்மா செத்ததும் யாரும் கேட்டுக்கினு வரல, கெடக்கட்டும்” என்று சாவியைக் கொடுத்தபோதே சொல்லிவிட்டாள் வீட்டுக்காரி கமலம்மா.

கோவர்த்தனன் சர்வே ஆபீஸ் குமாஸ்தா. மாநில எல்லை பிரிக்கிற சமயம் அது; எந்த ஊர் மதராஸுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று விசாரித்து எழுதுகிற வேலை. வந்த புதிதில், வரதய்யபாளையத்தில் அன்று யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்பதை ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்வான். இப்போது செருப்பைக் கழற்றியதும் பெஞ்சுக்குப் போய்விடுகிறான்.

“இன்னாங்க அது, தினமும் ஒண்ணையே வாசிச்சிக்கினு?”

“மைனர் ஸ்கேல், இங்கிலீஷ் பாட்டு ஸ்வர வரிசை. எட்டுக் கட்டை. ஏழாவது மட்டும் கறுப்பு. அங்கதான் விரல் தடுக்குது.”

“யாரு சொல்லிக் குடுக்கறாங்க?”

அவன் கட்டைகளைப் பார்த்துக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்தது. கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்துத்தான் அப்படிச் சிவப்பான்.

அவன் சட்டையை அலசும்போது நனைந்த மரமும் பழைய ரோஸ் பவுடரும் கலந்த வாசனை எழுந்து, வெறும் தண்ணீரில் மூன்று முறை கசக்கியும் போகாமல் அவள் விரல்களிலேயே தங்கி, சோறு பிசையும்போதும் மூக்கில் ஏறியது. எந்த ஊர்க்காரி? எத்தனை வயசு? கேட்க நினைத்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம். ஆறாவது கட்டையில் அவன் விரல் நின்றது. கையை மடிக்கு எடுத்துக்கொண்டான்.

ஏழாவது ஒலித்தது.

பெஞ்சின் மெத்தை, காலியாயிருந்த பக்கத்தில், ஆள் உட்கார்ந்ததுபோலக் குழிந்திருந்தது. தாட்சாயணிக்குப் பயத்துக்கு முன்னால் வயிறு எரிந்தது. என் வீட்டில். என் கண் முன்னால்.

மறுநாள் மாலை மழை. தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். அவன் வாசித்துக்கொண்டிருந்தான். நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். மெத்தை ஈரமாய்ச் சில்லிட்டது. ஆனாலும் எழவில்லை.

கோவர்த்தனன் திரும்பவில்லை. கண்ணை மூடியபடியே அவள் வலது கையை எடுத்துக் கட்டைகளின் மேல் வைத்து, தன் கையால் பொத்திக்கொண்டான். எத்தனை நாள் கழித்து!

“இன்னிக்கு உன் கை இன்னா இவ்ளோ சூடா இருக்குது?” என்றான்.

அவளுக்கு இடப்பக்கம், பெஞ்சு முடிந்த பிறகும் நீண்டிருந்த கட்டைகளில் ஒன்று தானாகக் கீழே போனது.

அடுத்தது.

அதற்கடுத்தது.

நிதானமாக, அவளை நோக்கி. ஆறு வெள்ளை. ஒரு கறுப்பு. எட்டாவது அவள் விரலுக்கு அடியில் இருந்தது.

பவுடர் வாசனை கன்னத்தில் பட்டது. அவன் உள்ளங்கைக்கும் அவள் கைக்கும் நடுவில் எதுவோ மெல்ல நுழைந்து படிந்தது. அவள் கையை இழுத்தாள். வரவில்லை. விரல் அழுந்தியது. நகம் நீலமாயிற்று. மணிக்கட்டுவரை மரத்துப்போன அந்தக் கை, அவளைக் கேட்காமல், முதல் கட்டையிலிருந்து பிசகாமல் வாசிக்கத் தொடங்கியது.

“ஆங்,” என்று கண் திறக்காமலே சிரித்தான் கோவர்த்தனன். “வந்துட்டியா.”